துன்பியல் தலைவன்: கர்ண மோட்சம் கூத்தை முன்வைத்து

துன்பியல் தலைவன் என்பவன் நாடகத்தில் உயர்ந்த நிலையில் இருந்து, தன் செயலாலேயே வீழ்ந்து, பார்ப்பவர் மனத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பும் பாத்திரம். பாடநூல்களில் இந்த விளக்கத்துக்கு எடுத்துக்காட்டாக ஈடிபஸ், மாக்பெத், ஒதெல்லோ ஆகியோர் வருவார்கள். தமிழில் எடுத்துக்காட்டுத் தேடினால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவின்போது ஆடப்படும் கர்ண மோட்சம் கூத்தே போதும். இந்தக் கூத்தை வைத்து ஒரே ஒரு கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது: குறையுள்ள மனிதர்கள் கதைகளில் ஏராளம், அவர்களில் ஒருவன் மட்டும் துன்பியல் தலைவனாக எழுவது எதனால்?

கர்ண மோட்சம் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கூத்துப் பனுவல். நளவெண்பா பாடிய புகழேந்தியின் பெயரில் இன்னும் பல நாட்டார் கதைப்பாடல்களும் வழங்குகின்றன. எல்லாம் அவர் எழுதியவை என்று கொள்ள முடியாது. கர்ண மோட்சத்தை ஹன்னா டி புருயின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1998இல் அதை வெளியிட்டது. ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு பாட்டும் வசனமும் மாறும். கதையின் எலும்புக்கூடு மாறுவதில்லை.

குறையா, தவறா?

அரிஸ்டாட்டில் தம் கவிதையியலின் 13ஆம் இயலில், துன்பியலுக்கு யார் பொருந்தமாட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார். முற்றிலும் நல்லவன் வீழ்ந்தால் நமக்கு வெறுப்புத்தான் வரும். முற்றிலும் கெட்டவன் வீழ்ந்தால் அது தண்டனை, இரக்கம் வராது. கெட்டவன் உயர்ந்தால் அதில் துன்பியலே இல்லை. மிஞ்சுவது இடைப்பட்டவன். அவன் வீழ்வது தீய குணத்தால் அல்ல, ஒரு ஹமார்த்தியாவால் என்கிறார்.

இந்தச் சொல்லை நம் கல்லூரிக் குறிப்பேடுகள் ‘குணக்குறை’ என்று மொழிபெயர்த்துவிட்டன. அதனால் வந்த வினை கொஞ்சமல்ல. ஒவ்வொரு தலைவனுக்கும் ஒரு குறையை ஒட்டி, மாக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்குப் பொறாமை, கர்ணனுக்குக் கெட்ட சகவாசம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். விடைத்தாள் திருத்திய காலத்தில் இந்த வரிசையை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் போடாமலும் இருக்க முடியாது. அதுதான் விடைக்குறிப்பில் இருந்தது. ஆனால் கிரேக்கத்தில் ஹமார்த்தியாவின் வேர்ப்பொருள் ‘குறி தவறுதல்’. எறிந்த ஈட்டியோ விட்ட அம்போ இலக்கில் படாமல் போவது. குறை ஒருவனிடம் இருக்கும் பொருள் போன்றது. தவறு அவன் செய்யும் செயல். செயல் என்றால் செய்தவன் பொறுப்பு என்று ஒன்று வந்துவிடுகிறது.

நம் பக்கத்தில் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். அவற்றில் இரண்டு இங்கே தேவைப்படும். பெருமிதம் பிறக்கும் இடங்களாகக் கொடை, புகழ், அஞ்சாமை, கல்வி ஆகியவற்றைச் சொல்கிறார். அழுகை பிறக்கும் இடங்களாக வறுமை, இழப்பு, இழிவுபடுத்தப்படுதல், முன்பிருந்த நிலையிலிருந்து கெடுதல் ஆகியவற்றைச் சொல்கிறார். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய இரண்டுமே கர்ணன் ஒருவனைப் பற்றி எழுதியவை போலத் தோன்றும். துன்பியல் என்ற வகைப்பெயர் தமிழுக்குப் புதிது. பெருமிதமும் அழுகையும் ஒரே ஆளிடம் கூடும்போது என்ன நேரும் என்று பார்க்கத் தேவையான கருவி இங்கே பழையது. விபுலானந்த அடிகள் 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் மெய்ப்பாட்டு மரபோடு சேர்த்து விளக்கியது இந்த வழியில்தான்.

விழா இரவுகளின் வரிசை

அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபாரதமோ நல்லாப்பிள்ளை பாரதமோ வாசித்துப் பொருள் சொல்வார்கள். விழாவின் பிற்பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் கூத்து தொடங்கி விடியும்வரை நடக்கும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் நகரும். கடைசி நாள் காலை படுகளம்; மாலை தீமிதி.

ஊர்க்காரர்கள் இந்த வரிசையைத் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்பது திறனாய்வுக்கு முக்கியம். அரிஸ்டாட்டில் விலக்கிய ஆட்களை அவர்கள் ஒவ்வோர் இரவாகச் சந்தித்துவிட்டுத்தான் கர்ணனிடம் வருகிறார்கள். அபிமன்யு இளம்பிள்ளை. வியூகத்தில் நுழையத் தெரியும், வெளிவரத் தெரியாது. பலர் சேர்ந்து கொல்கிறார்கள். களரியே அழுகிறது. ஆனால் அந்த அழுகையில் நெஞ்சை உறுத்தும் முள் எதுவும் இல்லை. அநியாயம் செய்தவர்கள் வேறு ஆட்கள். துச்சாதனன் சாகும்போது யாரும் அழுவதில்லை. அவனுக்கு உரியது கிடைத்தது. இந்த இரண்டு சாவுகளும் மனத்தில் இருக்கும்போதுதான் 17ஆம் நாள் போரின் கதை வருகிறது. துரோணர் வீழ்ந்தபின் படைத்தலைமை ஏற்றுக் கர்ணன் போரிட்டது இரண்டே நாள். இரண்டாம் நாள் முடிந்துவிடுகிறான். அவனுக்காக அழுவதா, உனக்கு வேண்டியதுதான் என்று சொல்வதா என்ற குழப்பம் பார்ப்பவருக்கு வருகிறது. அந்தக் குழப்பம் வராத இடத்தில் துன்பியல் தலைவன் இல்லை என்பேன்.

சபையில் கர்ணன்

துகிலுரிதல் இரவில் அரங்கை நிறைப்பவர்கள் துச்சாதனனும் திரௌபதியும். கர்ணன் பெரிதாகக் கண்ணில் படமாட்டான். ஆனால் பகலில் பிரசங்கம் கேட்டவர்களுக்கு அவன் அந்தச் சபையில் இருந்தது தெரியும். வியாச பாரதத்தில் அவன் பங்கு வெறும் பார்வையாளனின் பங்கல்ல. திரௌபதி எழுப்பிய கேள்விக்குப் பெரியவர்கள் எல்லோரும் வாய் மூடியிருந்தபோது, துரியோதனனின் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன் எழுந்து, இது முறையல்ல, இவளை வெல்லவில்லை என்று பேசுகிறான். அவன் வாயை அடைத்தவன் கர்ணன். ஐந்து கணவர் கொண்டவள் என்று அவளை இழிசொல்லால் சுட்டுவதும், பாண்டவர்களின் ஆடையையும் அவள் ஆடையையும் களையும்படி துச்சாதனனிடம் சொல்வதும் அவனே. பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் இதை மழுப்பவில்லை. விகர்ணன் பேச்சும் அதற்குக் கர்ணன் சொல்லும் பதிலும் அங்கே தெளிவாக வருகின்றன.

இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: சுயம்வரத்தில் தேரோட்டி மகனை மணக்கமாட்டேன் என்று திரௌபதி அவமதித்தாள், அதற்குப் பழி. இந்தப் பேச்சை, பூனா பண்டார்க்கர் நிறுவனத்தின் செம்பதிப்பு பிற்சேர்க்கையாகக் கருதி மூலத்திலிருந்து விலக்கிவிட்டது. இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அது அவன் ஏன் பேசினான் என்பதை விளக்கும், பேசியதைச் சரியாக்காது.

வியாசர் வேறொரு காரணத்தைக் கர்ணன் வாயாலேயே சொல்லவைக்கிறார். தூது வந்த கிருஷ்ணன் அவனிடம் பிறப்பு இரகசியத்தைச் சொல்லி அழைக்கும்போது கர்ணன் மறுக்கிறான். அந்த உரையாடலில், துரியோதனனை மகிழ்விப்பதற்காகப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னேன், இன்று அதை நினைத்து வேகிறேன் என்கிறான். நாடகத்தின் பூட்டு இங்கேதான் இருக்கிறது.

இல்லை என்று சொல்லாத கை

கர்ணனின் பெருமை என்ன? யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதவன். பிராமண வேடத்தில் இந்திரன் வந்து கவச குண்டலத்தைக் கேட்கிறான். வந்தவன் யார் என்று தெரிந்தே, உடம்போடு பிறந்ததை அறுத்துக் கொடுக்கிறான். குந்தி வருகிறாள். வில்லிபுத்தூரார் வழியில் வரும் தமிழ்க் கதையில் அவள் கேட்பது இரண்டு வரம்: அர்ச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்லக்கூடாது, நாக பாணத்தை ஒரு முறைக்கு மேல் விடக்கூடாது. முதல் வரம் தாய்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஒரு மகனின் உயிருக்கு இன்னொரு மகனை விலையாகக் கேட்பது. அதையும் கொடுக்கிறான். பதிலுக்கு அவன் கேட்பது, நான் செத்தபின் களத்துக்கு வந்து என்னை மடியில் போட்டு, இவன் என் மகன் என்று சொல் என்பது மட்டும்.

இந்தக் காட்சிகளைக் கொடைக்குச் சான்றாக மட்டும் படித்து நிறுத்திவிடுகிறோம். சபையில் நடந்ததையும் இதே வரிசையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவனுக்குத் துரியோதனனுக்கும் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. ஊரார் முன்னால் குலம் என்ன என்று கேட்டு அவமானப்படுத்திய அன்று, அங்க நாட்டைக் கொடுத்து அரசனாக்கியவன் அவன். செஞ்சோற்றுக் கடன் என்று தமிழர் போற்றும் குணம் இதுதான். அதே குணம் சபையில் ஒரு பெண்ணின் ஆடைமேல் கை வைக்கச் சொன்னது. கொடை தனி, குறை தனி என்று இரண்டு கர்ணர்கள் இல்லை. இந்திரனுக்குக் கவசத்தை நீட்டிய கையும், துரியோதனன் முகம் மலர வேண்டும் என்று விகர்ணனை உட்காரச் சொல்லிக் காட்டிய கையும் ஒன்றே.

எதனால் ஒருவன் உயர்ந்தானோ அதே வேரிலிருந்து அவன் தவறும் முளைக்க வேண்டும்: துன்பியல் தலைவனுக்கு நான் வைக்கும் முதல் சோதனை இது. ஈடிபஸ் புதிர் விடுவித்து அரசனானவன். விடாமல் விசாரிக்கும் அதே அறிவால் தன்னைக் கண்டுபிடித்து அழிகிறான். குறை வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதாக இருந்தால், அதைக் களைந்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வான் என்று நமக்குத் தோன்றும். கர்ணனிடமிருந்து இல்லை என்று சொல்லாத குணத்தைக் களைந்தால் கர்ணனே மிஞ்சமாட்டான்.

பொன்னுருவி

கூத்தில் நெடுநேரம் ஆடப்படுவதும், ஊரார் காத்திருந்து பார்ப்பதும் போர்க்காட்சியை அல்ல. போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வரும் காட்சியை. பொன்னுருவி அரசர் வீட்டுப் பெண். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று மனத்தில் கசப்பு வைத்திருப்பவள். பொன்னுருவி மசக்கை என்ற கதைப்பாடலே இந்தக் கசப்பைச் சுற்றி எழுந்ததுதான். கர்ணன் வந்து நிற்கிறான், அவள் முகம் கொடுக்கமாட்டாள். கட்டியங்காரன் இங்கும் அங்கும் தூது போய்ச் சிரிப்பு மூட்டுவான். அந்தச் சிரிப்பு நின்றபின், தான் குந்தியின் மூத்த மகன் என்பதைக் கர்ணன் அவளிடம் சொல்கிறான்.

உலகம் முழுக்கத் தன்னைக் குலம் கேட்டபோதெல்லாம் விடையின்றி நின்றவனிடம் இப்போது விடை இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த முடியாத நேரத்தில் கிடைத்திருக்கிறது. தம்பிகள் என்று தெரிந்தே அவர்களுக்கு எதிராகப் போகிறான். பொன்னுருவியின் கசப்பு கரைந்து ஒப்பாரியாக மாறுகிறது. வீட்டுக்குள்ளேயும் அவனுக்கு மதிப்பில்லை என்பதைக் காட்டிய கூத்து, மதிப்புக் கிடைத்த அதே நேரத்தில் அவனைச் சாவுக்கு அனுப்புகிறது. வியாசரிடமோ வில்லியிடமோ இந்த அளவுக்கு இதை விரித்துப் பார்க்க முடியாது. கூத்தாடிகளின் சொந்தச் சேர்மானம் என்றே இதைச் சொல்ல வேண்டும். என் கணிப்பில் நாடகத்தின் மிகச் சிறந்த பகுதியும் இதுதான்.

கழுத்தும் சக்கரமும்

இனி அம்பு. கர்ணன் நாக பாணத்தைத் தொடுத்து அர்ச்சுனன் கழுத்துக்குக் குறி வைக்கிறான். தேரோட்டும் சல்லியன், இது கழுத்தில் படாது, குறியை மாற்றித் தொடு என்கிறான். கர்ணன் இரண்டாம் முறை குறி பார்ப்பதில்லை என்று வியாசரின் கர்ணன் மறுத்துவிடுகிறான். கிருஷ்ணன் தேரை அழுத்துகிறான், அம்பு மணிமுடியைத் தட்டிக்கொண்டு போகிறது. அம்பாய் இருந்த நாகம் திரும்பி வந்து இன்னொரு முறை தொடுக்கக் கேட்கும்போதும் மறுக்கிறான். தமிழில் அந்த மறுப்புக்குக் குந்திக்குக் கொடுத்த வாக்கும் காரணமாகச் சேர்கிறது. ஹமார்த்தியா என்ற சொல்லை மாணவருக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான காட்சி கிரேக்க நாடகத்தில்கூட எனக்குத் தெரியவில்லை. குறி தவறியது கண்ணின் பிழையால் அல்ல. ஒரு முறை சொன்ன சொல்லையும் வைத்த குறியையும் மாற்றாத தன்மையால்.

அடுத்து சக்கரம் மண்ணில் புதைகிறது. தூக்க இறங்கிய கர்ணன், ஆயுதமில்லாதவனைத் தாக்குவது தருமமல்ல, சற்றுப் பொறு என்கிறான். வியாச பாரதத்தில் கிருஷ்ணன் திருப்பிக் கேட்கிறான்: ஒற்றையாடையோடு திரௌபதியைச் சபைக்கு இழுத்தபோது இந்தத் தருமம் எங்கே போனது? சூதாடத் தெரியாதவனைச் சூதில் வென்றபோது? சிறுவன் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோது? கர்ணன் பதில் சொல்லவில்லை. வெட்கத்தால் தலை குனிந்தான் என்று எழுதுகிறார் வியாசர். பிறகு மறுபடி வில்லை எடுத்துப் போரிடுகிறான்.

இரண்டாம் சோதனை இங்கே வருகிறது. தலைவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தபின் ஓடக்கூடாது. சகுனிக்கும் துச்சாதனனுக்கும் இப்படித் தலை குனியும் கணம் ஒன்று இல்லை. மாக்பெத் தான் செய்தது இன்னதென்று தொடக்கம் முதல் அறிந்தே செய்கிறான். அதனால்தான் அத்தனை கொலைக்குப் பிறகும் அவனை வெறும் கொலைகாரனாக ஒதுக்க முடியவில்லை. தலை குனிந்ததோடு கர்ணன் சரணடைந்திருந்தால் அது திருந்திய கதை. தலை குனியாமலே செத்திருந்தால் அது தண்டித்த கதை. அவன் குனிந்தும் போரிடுகிறான்.

கழுவி எடுத்த கர்ணன்

பி. ஆர். பந்துலு இயக்கி சிவாஜி கணேசன் நடித்த கர்ணன் திரைப்படம் 1964இல் வந்தது. 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் நன்றாக ஓடியது. இன்றைக்குப் பெரும்பாலான தமிழருக்குக் கர்ணன் என்றால் அந்தப் படத்தின் கர்ணன்தான். நடிப்பும் இசையும் பற்றி மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் படம் பார்த்தவர் மனத்தில் நிற்பவை நட்பு, கொடை, தாய், சாவு. சபையில் அவன் பேசியது நிற்பதில்லை. மனைவியும் அங்கே பொன்னுருவி அல்ல, சுபாங்கி. கணவனை வெறுக்கும் பெண் அல்ல. மணிரத்னத்தின் தளபதி (1991) கர்ணன் சாயலில் உருவான சூர்யாவை உயிரோடு விட்டு, துரியோதனன் சாயலில் உருவான தேவாவைச் சாகவிடுகிறது. கர்ணன் சாவதைப் பார்க்கும் மனம் நமக்குக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது போலும்.

இணையத்தில் இப்போது எழுதப்படும் பல குறிப்புகள் இன்னொரு படி மேலே போகின்றன. கர்ணன் பிறப்பால் ஒடுக்கப்பட்டவன், ஆகவே அவன் மேல் தவறே இல்லை என்கின்றன. முதல் பாதியை மறுக்கமாட்டேன். ரங்கபூமியில் குலம் கேட்டு அவன் வாயை அடைத்தது கொடுமை. அந்தக் கேள்வியை இன்றும் வெவ்வேறு சொல்லில் கேட்கும் ஊர்களில்தான் இந்தக் கூத்தும் நடக்கிறது. ஆனால் இரண்டாம் பாதி அவனுக்கே இழைக்கும் அநீதி. அவமானப்பட்டவன் செய்த எல்லாவற்றையும் அவமானமே செய்தது என்று சொன்னால், அவனை ஒரு செயலும் இல்லாத பொம்மையாக்குகிறோம். அவமானம் என்ன என்று சபையில் இருந்த அத்தனை பேரிலும் அதிகம் அறிந்தவன் அவன். அவன்தான் இன்னொருத்தியை அவமானப்படுத்தச் சொன்னான். வலிப்பது அங்கேதான், அதைத் துடைத்துவிட்டால் கர்ணனும் அபிமன்யு மாதிரி இன்னொரு பாவப்பட்ட பிள்ளைதான்.

எதிர்த்தரப்பும் உண்டு. அதர்மத்தின் பக்கம் நின்றான், செத்தான், அவ்வளவுதான் என்பார்கள். அப்படியானால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது?

துரியோதனன்

கர்ணனை இப்படிப் பார்த்தபின் துரியோதனனை என்ன செய்வது என்ற கேள்வி வரும். படுகளத்தன்று திடலில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுத்த நிலையில் செய்துவைப்பார்கள். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிட, கடைசியில் தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தல் முடிவாள். அதன்பின் சில ஊர்களில் துரியோதனனுக்காக ஒப்பாரியும் உண்டு. வில்லனுக்கும் ஒப்பாரி வைக்கும் ஊர் நம் ஊர். இடுப்புக்குக் கீழே அடிப்பது கதாயுத்த முறையல்ல என்பதும் கூட்டத்துக்குத் தெரியும்.

ஆனாலும் கூத்துத் துரியோதனன் முழுத் துன்பியல் தலைவன் ஆகிறான் என்று சொல்லத் தயங்குவேன். இரக்கம் இருக்கிறது, கம்பீரம் இருக்கிறது. தலை குனியும் கணம் இல்லை. அந்தக் கணத்தை அவனுக்குக் கொடுத்தவர் வடமொழி நாடகாசிரியர் பாசர். ஊருபங்கத்தில் தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன், தன் சிறு மகனிடம் பாண்டவர்களைத் தன்னைப் போலவே மதித்து நடக்கச் சொல்கிறான். வடமொழி நாடக மரபு மேடையில் சாவை விலக்கியது. பாசர் அவனை மேடையிலேயே சாகவிடுகிறார். இலங்கையிலும் இப்படி ஒரு மறுவார்ப்பு நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரை வடமோடிக் கூத்தாக மேடையேற்றினார். அதன்பின் சி. மௌனகுரு எழுதிய இராவணேசன், இராவணனை அரக்கனாக விடாமல் துன்பியல் தலைவனாக நிறுத்தியது. அங்கும் ஆசிரியர் செய்ய வேண்டியிருந்தது இராவணனின் குற்றத்தை மறைப்பதை அல்ல, அவனுக்குள் ஒரு போராட்டத்தைக் காட்டுவதை.

மோட்சம் கிடைத்தால் துன்பியலா?

இந்திய மரபில் துன்பியல் இல்லை, கடைசியில் கடவுள் வந்து காப்பாற்றிவிடுவார், கூத்தின் பெயரே மோட்சம்தானே என்று ஒரு வாதம் உண்டு. கேட்க வேண்டிய வாதம்தான்.

தமிழ்க் கதையில் கர்ணன் விழுந்து கிடக்கும்போது கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து, நீ செய்த தருமத்தின் பலன் எல்லாவற்றையும் கொடு என்கிறான். வியாசரிடம் இது இல்லை. தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை, இரத்தத்தை வார்த்துக் கொடுக்கிறான். (இந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் யாருடைய அன்பளிப்பையாவது அறிவிப்பதும் நடக்கும். கொடைக் காட்சிக்குப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) கிருஷ்ணன் தன் உருவம் காட்டி, என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறான். எந்தப் பிறவி எடுத்தாலும் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான் கர்ணன்.

அவனைக் கொன்றது எதுவோ அதையே மறுபடி கேட்கிறான். கவசத்தை இழந்தது அதனால். நாக பாணத்தை இரண்டாம் முறை விடமுடியாமல் போனது அதனால். சபையில் வாய் திறந்ததும் அதனால். திரும்பி வாழக் கிடைத்தாலும் இப்படியேதான் வாழ்வேன் என்று சொல்லும் ஒருவனுக்கு மோட்சம் கிடைப்பது துன்பியலை எப்படிக் குறைக்கும்? குந்தி வந்து மடியில் போட்டு மகனே என்று அழுவதும் அவன் கேட்டபடியே நடக்கிறது; வாழ்நாள் முழுக்க வேண்டியிருந்த ஒரு சொல், செத்தபின் ஊர் கேட்கச் சொல்லப்படுகிறது. கிரேக்கத்திலும் சோபகிளிசின் முதிய ஈடிபஸ் கொலோனசில் தெய்வங்களின் அழைப்போடுதான் மறைகிறான். அதனால் அவன் கண்களைக் குத்திக்கொண்டது இல்லை என்று ஆகிவிடவில்லை.

வட மாவட்டங்களில் கர்ண மோட்சம் கோயில் திருவிழாவில் மட்டும் ஆடப்படுவதில்லை. வயதானவர் இறந்தால் 16ஆம் நாள் கருமாதியை ஒட்டி, வீட்டார் கூத்துக் குழுவை அழைத்து, இறந்தவர் நற்கதி அடையட்டும் என்று இந்தக் கூத்தை இரவு முழுவதும் ஆடச் செய்யும் வழக்கம் இருக்கிறது. தருமரின் கதையோ, குற்றமே செய்யாத அபிமன்யுவின் கதையோ அந்த இரவுக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இறந்தவர் யாருக்கு என்ன கொடுத்தார், யாரை என்ன பேசினார், எந்தச் சபையில் யாருக்காக எதைச் சொல்லிவிட்டு வந்தார் என்பதெல்லாம் தெரிந்த மகன்களும் மருமக்களும் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொன்னுருவியின் ஒப்பாரி தொடங்கும்போது, வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள்.